ராஜா சாப்பிட வரும் காட்சி

இத்தா முடிந்த மறுநாள் காலை கைருன் பீவி செய்த முதல் காரியம், தெருவாசலில் நின்று மீன் வாங்கியதுதான். கணவர் அப்துல் ஹை மௌத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே தலைகாட்டவில்லை. அத்தனை நாளும் மீன்காரி திரௌபதி கொல்லைக் கதவோரம் அன்னக்கூடையை இறக்கி வைத்து, உள்ளே இருப்பவளோடு குரலாலேயே பேரம் பேசி மீனைக் கொடுத்துவிட்டுப் போவாள். இன்று முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பேரம் மறந்து போயிற்று. கொழுத்த மடவையாகப் பார்த்து நாலு எடுத்துப் போட்டாள். செதில் சீவி, குடலெடுத்து, அலசியும் கொடுத்தாள். அதற்குப் பிறகும் கூடையைத் தூக்காமல் சும்மாட்டுத் துணியைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக நின்றாள்.

"இன்னாடி, இன்னும் எதுக்கு நிக்கிற? வெயில் ஏறுது பாரு."

"நாளைக்கு எங்க வூட்டுக்காரரு வருவாரு பீவிக்கா. உங்களாண்ட ஒண்ணு கேக்கணுமாம்."

"எதப் பத்தி?"

"நாடகத்தப் பத்திதான். வேற இன்னாத்தக் கேக்கப் போவுது அந்த ஆளு."

கைருன் பீவி மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாடகம் என்ற சொல் அவளுக்குச் சக்களத்தி பெயர் மாதிரி. காதில் விழுந்தால் கை தானாகப் பாத்திரத்தை நங்கென்று வைக்கும்.

அப்துல் ஹை பொன்னேரியில் ஒரு கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழவேற்காட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் சூப்ரண்டு சார். முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புவார். ஹால் டிக்கெட், டி.சி., உதவித்தொகைப் படிவம் என்று முப்பத்தைந்து வருஷம் காகிதத்துக்குள்ளேயே போயிற்று. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து காலேஜ் படியேறிய பிள்ளைகளில் பாதிப் பேருடைய விண்ணப்பம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மனிதரே வேறு. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விடுவார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேட்டில் இருக்கும் நடுத்திட்டுக் குப்பம்தான் அவருடைய நாடகக் கொட்டகை. தொழுகையாளி வீட்டுப் பிள்ளைக்கு ஆர்மோனியம் எதற்கு என்று சொந்தத்தில் முனகியவர்கள் உண்டு. "கொரல் அல்லா குடுத்தது மச்சான், பொட்டி மட்டுந்தான் நான் வாங்கினது" என்று சிரித்துக்கொண்டே போவார்.

அவரே எழுதி, அவரே மெட்டுப்போட்டு, குப்பத்து ஆட்களை நடிக்க வைத்தார். கூத்து என்றால் விடிய விடிய என்று இருந்ததை மாற்றி, மாலை நான்கு மணிக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவார். ராத்திரி வலைக்குப் போகிறவர்கள் தூக்கம் கெடக்கூடாது. ஒத்திகைக்கு ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்தார். குதிரையின் பின்னங்காலாக வருகிறவனும் அதில் கையெழுத்துப் போட்டால்தான் குதிரைக்குள் நுழைய முடியும்.

ஆட்களைச் சேர்ப்பதுதான் பாடாய் இருந்தது. ஏரியில் இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்து வரும். தன் முறை வரும் நாளை விட்டுவிட்டு ஒருவனும் ராஜாவாகவோ மந்திரியாகவோ வந்து நிற்க மாட்டான். அதனால் சூப்ரண்டு சார் ஒரு வழி கண்டுபிடித்தார். நாடகம் முழுவதையும், எல்லார் வசனத்தையும், தன் குரலிலேயே கேசட்டில் பேசிப் பதிந்து கொடுத்துவிடுவார். அவர்கள் டேப் ரிக்கார்டரைப் பாலித்தீன் பையில் சுற்றிப் படகில் வைத்துக்கொண்டு, வலை கட்டிவிட்டு எறா விழக் காத்திருக்கும் நேரத்தில் போட்டுக் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். காதால் கேட்டே பாடம் செய்தார்கள். அவர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே அவர்களும் மூச்சு விட்டார்கள்.

முன்னறையில் மீன் ஏலத்துச் சத்தம் கேட்கும் என்று அவர் அடுக்களையை ஒட்டிய உள்ளறையில் உட்கார்ந்துதான் பதிவார். அந்த நாட்களில் கைருன் பீவி பாத்திரம் உருட்டக்கூடாது, தாளிக்கக்கூடாது. சோற்றை வடித்து வைத்துவிட்டு, பசி தாங்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் ஒரு தரம்கூட அக்கரைக்குப் போய் நாடகம் பார்த்ததில்லை. முதலில் மாமியார் விடவில்லை. பிறகு இவளே போகவில்லை. மகள் நஸ்ரியா பிறந்த அன்று அவர் மேடையில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஓடிவந்து பிள்ளையைக் கையில் வாங்கியபோது காதுக்குப் பின்னால் அரிதாரம் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டது அவள்தான். ஆனாலும் அன்றைக்கு மனசுக்குள் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டாள்.

அந்த முடிச்சுகூடக் காலத்தில் தளர்ந்துவிட்டது. தளராதது வேறொன்று. வருஷா வருஷம் நாடகத்துக்கு முந்தின நாள் அவர் வந்து, "வரியா கைரு?" என்று கேட்பார். இவள் வரவில்லை என்பாள். அப்போது அவர் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்து போகும். தேர்வில் தப்பித்துவிட்ட பையன் முகம் மாதிரி. அதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு வருஷம் இல்லை, முப்பது வருஷம் பார்த்தாள். நான் வரக்கூடாது என்றுதான் கேட்கிறார் என்று முடிவு செய்துகொண்டாள். ஒரே ஒருமுறை வாய்விட்டே கேட்டாள்: "உங்க நாடகத்துல நான் எங்கங்க இருக்கேன்?" அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "நீ இல்லாமலா?" என்று சிரித்துவிட்டுப் போனார். சமாளிப்பு என்று நினைத்தாள். இனி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் அவர் போய்விட்டார்.

* * *

மறுநாள் திரௌபதியின் கணவர் அங்கமுத்து வந்தார். வாழைநாரால் கால் கட்டிய இரண்டு பச்சை நண்டுகளை வாசற்படியில் வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் தூணோரம் நின்றார். கூடவே திரௌபதி. முப்பத்து மூன்று வருஷமாக நடுத்திட்டு நாடகத்தில் அங்கமுத்துதான் ராஜா. நாடகத்துக்காக அடித்த தலைச்சாயம் நெற்றியிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

அவர் வந்த விஷயம் இதுதான். கடலில் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் நினைவாக அவருடைய 'முகத்துவாரத்து ராஜா'வைப் போடுவதாக ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. எல்லாருக்கும் வசனம் பாடம். ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

"கடைசி சீன்ல திரைக்குப் பின்னாலேர்ந்து ஒரு கொரல் வரணும்க்கா. அத எப்பவும் சார்தான் குடுப்பாரு. ராணி வேசம் கட்ற தேவேந்திரன் குடுத்துப் பாத்தான், இவளும் குடுத்துப் பாத்தா. எனக்குக் கால் நவுர மாட்டேங்குது. எங்களாண்ட இருந்த கேசட்டு போன மழையில கூரையோட பூட்ச்சி. உங்க வூட்ல ஒண்ணு இருந்தா அதையே மைக்குல போட்டுடலாம்னு."

"அப்படி இன்னா கொரல் அது?"

அங்கமுத்து திரௌபதியைப் பார்த்தார். திரௌபதி நண்டைப் பார்த்தாள்.

"கேசட்டுலயே இருக்குதுக்கா" என்றார் அவர்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். தேடவே தேவையில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில் பதினொரு கேசட்டுகள் இருந்தன. அவர் வைத்திருந்தது பட்டன் போன். வாட்ஸ்அப் கிடையாது, வீடியோ கிடையாது. உலகத்தில் அவர் குரல் என்று மிச்சம் இருந்தது அந்த டப்பாவில்தான். இத்தாவில் இருந்தபோது எத்தனையோ நாள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் தாங்குமா என்று பயம். இதைக் குப்பத்துக்குக் கொடுத்து, மணலிலும் தண்ணீரிலும் போட்டு அவர்கள் கெடுத்துவிட்டால் என்ன செய்வது? நாற்பது வருஷம் அந்தக் குரலை அவர்கள்தானே கேட்டார்கள், இதையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று பீரோவைப் பூட்டினாள். நான்கு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாவது நாள் அவளுக்கே மனசு கேட்கவில்லை.

பொன்னேரியில் டீச்சராக இருக்கும் நஸ்ரியா, கூட வேலை பார்ப்பவர் வீட்டிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு வந்தாள். தாயும் மகளும் உள்ளறையில், அவர் உட்காரும் பாயிலேயே உட்கார்ந்தார்கள். மேலே 'காட்சி 9' என்று பச்சை மையில் எழுதியிருந்த கேசட்டை நஸ்ரியா போட்டாள்.

கொஞ்ச நேரம் காற்று மாதிரி இரைந்தது. பிறகு இருமல். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கைருன் பீவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காட்சி ஒன்ப..." என்று ஆரம்பித்த குரல் இழுத்துக்கொண்டே போய், கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆழத்துக்கு இறங்கி, கர்ரென்று நின்றது. நஸ்ரியா அவசரமாகத் திறந்தாள். உள்ளே ரிப்பன் சிக்குண்டு கிடந்தது. இழுத்தால் முழம் முழமாக வந்தது, வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்து. மற்றப் பத்தும் அப்படியே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நஸ்ரியா மறுநாளே அவற்றைச் சென்னையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். அந்த ஆள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, உப்புக் காற்று தின்றுவிட்டது, ஒன்றும் தேறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மையத்து எடுத்த அன்றுகூடக் கைருன் பீவி அப்படி அழவில்லை.

"பூட்டி வச்சிக் காப்பாத்துறதா நெனச்சேனே நஸ்ரியா. அங்க இருந்திருந்தா நாலு பேரு கேட்டாவது இருப்பாங்க. நானே பூக்க வுட்டுட்டேன்."

"வாப்பா பேசினதெல்லாம் நமக்கு ஞாபகம் இருக்கும்மா."

"வார்த்த ஞாபகம் இருக்கும். கொரலு?"



* * *

விஷயம் தெரிந்து அங்கமுத்து மறுபடி வந்தார். சிக்குண்ட ரிப்பனைக் கையில் வாங்கி, அறுந்த வலைக் கண்ணைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பத்திரமாக டப்பாவிலேயே வைத்து மூடினார்.

"போவட்டும்க்கா. கேசட்டு இல்லாட்டி இன்னா, நாடகம் நிக்காது. நீங்க வாங்க. வந்து முன்னால உக்காருங்க. அது போதும் எங்களுக்கு."

"நாப்பது வருசமா வராதவ இப்ப எதுக்கு? நான் வர்றது அவருக்கே புடிக்காது."

"யாரு சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? நான் வரலன்னு சொன்னதும் அந்த மனுசன் மூஞ்சில வர்ற நிம்மதிய நான் பாக்கலியா அங்கமுத்து?"

திரௌபதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று கைருன் பீவி பார்த்தால், தோள் குலுங்கியது சிரிப்பில். அங்கமுத்து அவளை முறைத்தார்.

"இன்னா இளிப்பு உனக்கு?"

"பின்ன இன்னாய்யா, எத்தினி நாளிக்கிதான் வாய மூடினு இருக்கறது? சாருக்குக் குடுத்த வாக்கு சாரோட பூட்ச்சி." திரௌபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைருன் பீவியின் பக்கம் திரும்பினாள். "நீங்க வந்து பாருங்க பீவிக்கா. பாத்துட்டு அப்புறம் எங்கள எவ்ளோ வோணா ஏசுங்க. சாரையும் ஏசுங்க."

அவர்கள் போன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மனிதர் தன்னிடம் எதையோ மறைத்து வைத்திருந்தார். அது ஒரு குப்பம் முழுக்கத் தெரியும். தனக்கு மட்டும் தெரியாது. ஏரிக்கு அந்தப் பக்கம் போகாமல் அதை அறிந்துகொள்ள வழியில்லை.

நஸ்ரியாதான் தயங்கினாள். இத்தா முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, பெரியத்தா வீட்டில் பேசுவார்கள் என்றாள்.

"பேசட்டும். அவங்களுக்கும் பொழுது போவணும்ல" என்றாள் கைருன் பீவி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்பை மூட்டிவிட்டாள். வெறுங்கையோடு போய் நிற்பது வழக்கமில்லை. முருங்கைக்காயும் எறாவும் போட்டு, மாங்காய்க் கீற்று நான்கு சேர்த்து, குழம்பு வைத்தாள். சோற்றை வடித்துப் பெரிய தூக்கில் போட்டு, குழம்பை இன்னொரு தூக்கில் ஊற்றி, கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மகளோடு படகுத்துறைக்கு வந்தபோது மணி மூன்று.

தண்ணீர் வற்றி, சேற்று மேடுகள் தெரிந்தன. அனல் காற்று. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர்களை ஏற்றிப் போக நீலச் சாயம் அடித்த ஃபைபர் படகு வந்திருந்தது. ஏறும்போது அதன் மூக்கில் எழுதியிருந்ததை நஸ்ரியா எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தாள்.

"கைருராணி."

கைருன் பீவியின் கால் பலகையிலேயே நின்றது. அங்கமுத்து துடுப்புக் கழியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"அது நாடகத்துல வர்ற ராணி பேருக்கா. பத்து வருசமா இதான் பேரு. இந்தாண்ட வந்தா மட்டும் எழுத்துத் தெரியாம அந்தப் பக்கமா திருப்பிக் கட்டுவோம். சார் உத்தரவு."

கைருன் பீவி துப்பட்டியை இழுத்து இறுக்கிக்கொண்டாள். வீட்டுக்குள் கூப்பிடும் பெயரைக் கொண்டுபோய் மேடையில் வைத்து, படகில் எழுதி, ஊர்த் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டாரா? அக்கரை சேரும்வரை அவள் நெஞ்சில் இருந்தது கோபம்தான்.

* * *

கோயிலுக்குப் பக்கத்து மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு நாற்காலியில் அப்துல் ஹையின் படம். கல்லூரியில் ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. பக்கத்தில் முக்காலியில் வருகைப் பதிவேடு. நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். துறைமுகத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் குதிரையின் பின்னங்காலும் லீவு போட்டு வந்து கையெழுத்திட்டது. கைருன் பீவி எட்டிப் பார்த்தாள். பட்டியலில் முதல் பெயர் அப்துல் ஹை. அதற்கு நேரே, யாரோ உருண்டை எழுத்தில் 'விடுப்பு' என்று எழுதியிருந்தார்கள்.

நான்கு மணிக்குத் திரை விலகியது. எல்லாத் தண்ணீரும் மீனும் தனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு ராஜா, கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் போட்டு அடைத்துவிடுகிறான். கடல் தண்ணீர் வராமல் ஏரி வற்றுகிறது. மீன் செத்து மிதக்கிறது. குடிகள் ஊரை விட்டுப் போகிறார்கள். மீசையை மழித்துக்கொண்டு ராணியாக வந்த தேவேந்திரன், அடைப்பைத் திறந்துவிடச் சொல்லி ராஜாவின் காலில் விழுந்து பாடினான். "எழுந்திரு கைருராணி" என்று அங்கமுத்து கையைப் பிடித்துத் தூக்கியபோது கூட்டத்தில் பாதிப் பேர் கைருன் பீவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேராக மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்து, கடல் காற்று திரும்பியபோது கடைசிக் காட்சி வந்தது. ராஜா தனியாக மணல் மேட்டில் நிற்கிறான். தப்பு புரிந்துவிட்டது. உதவிக்கு ஊரில் ஆளில்லை. முகத்துவாரத்தில் தண்ணீர் ஓடும்வரை என் தொண்டையில் தண்ணீர் இறங்காது என்று சபதம் செய்துவிட்டு மண்வெட்டியால் வெட்டுகிறான், வெட்டுகிறான், மணல் சரிந்து சரிந்து மூடிக்கொள்கிறது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டங், டங், டங்.

கைருன் பீவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சோற்றுப் பானையின் விளிம்பில் கரண்டியால் தட்டுகிற சத்தம். மூன்று தரம். உள்ளறையில் அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது என்று அவள்தான் அப்படித் தட்டுவாள்.

மேடையில் ராஜா மண்வெட்டியைப் பாதியில் நிறுத்தி, இடது காதைத் திருப்பிக் கேட்டான். கையில் பென்சிலோடு அவர் கேட்பாரே, அதே மாதிரி. பிறகு சத்தமே இல்லை. அங்கமுத்துவின் முகத்தில் வேர்வை வழிந்தது. ராஜாவுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். ஆனால் அதை எடுத்துக் கொடுக்கும் குரல் வரவில்லை. ஊர் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கி ஓய்ந்தது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிப்போயிற்று. என்றைக்கோ ஒரு மத்தியானம், பசி பொறுக்காமல் அவள் தட்டியதும் கத்தியதும் கேசட்டில் விழுந்திருக்கிறது. இவர்கள் அதை ஏரிக்குக் கொண்டுபோய், வலைக்கு நடுவே உட்கார்ந்து, நாடகத்தோடு நாடகமாகப் பாடம் பண்ணியிருக்கிறார்கள்.

அந்த நாற்பது வருஷத்தில் எத்தனை நாள் கரண்டியும் கையுமாக இப்படி நின்றிருக்கிறாள். வாய் தானாகத் திறந்தது.

"இன்னாங்க, சோறு ஆறுது. ராஜாவா இருந்தது போதும், வந்து ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்க."

மைக் இல்லாமலே அது பந்தலின் கடைசிவரை கேட்டது. அங்கமுத்துவின் கண் அவளைத் தேடி வந்து நின்றது. பிறகு அவர் இருமினார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

"ஒரே ஒரு பக்கம் கைரு... செரி செரி, வந்துட்டேன். பக்கம் எங்க போயிடப் போவுது. நீ கோவிச்சிக்கினா நான் எங்க போவேன்?"

மண்வெட்டியோடு நிற்கிற ராஜா எந்தப் பக்கத்தைச் சொல்கிறான் என்று அந்த ஊரில் ஒருவரும் முப்பத்து மூன்று வருஷத்தில் கேட்டதில்லை. கைருன் பீவி அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கேட்டது அந்த இருமலை. 'ரு'வில் கொஞ்சம் இழுத்து விடுவதை. 'செரி செரி' என்று பணிந்து போகிற அந்த அவசரத்தை. பீரோவுக்குள் பூத்துப்போன குரல் இந்த மனிதரின் தொண்டையில் ஓர் எழுத்துக் கெடாமல் இருந்தது. நஸ்ரியா "உம்மா" என்று அவள் தோளைப் பிடித்தாள். மகள் முகமும் நனைந்திருந்தது.

ராஜா மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான். சொம்புத் தண்ணீரில் கை அலம்பும் சத்தம் வந்தது. ஏப்பம் வந்தது. சனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்த ராஜா, ஒரே மூச்சில் மணலை வெட்டித் தள்ளினான். பிள்ளைகள் நீலப் புடவைகளைப் பிடித்துக்கொண்டு அலையலையாக ஓடிவர, முகத்துவாரம் திறந்தது.

* * *

நாடகம் முடிந்து பந்தல் கலைந்ததும் திரௌபதி கைருன் பீவியின் காலடியில் மணலில் உட்கார்ந்து, முப்பத்து மூன்று வருஷத்து ரகசியத்தைக் கொட்டினாள். முதல் தரம் மேடையேறியபோது கல்யாணமாகி வந்த புதுசு அவளுக்கு. கேசட்டில் இருந்ததே என்று பானையைத் தட்டியதும் அவள்தானாம். ராணிக்குச் சார் எழுதியது பவளராணி என்று வேறு பெயர். கேசட்டில் ராஜா 'கைரு' என்று கூப்பிட்டதால் இவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அடுக்களைப் பேச்சு மேடையில் வந்ததும், ஆர்மோனியத்தை விட்டுவிட்டுச் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

"நாங்க பயந்துனோம் பீவிக்கா. தப்புன்னா எடுத்துடறோம் சார்னு இவரு சொன்னாரு. சார் அப்பறம், 'இருக்கட்டும் அங்கமுத்து. அதுக்கப்புறந்தானே அவனுக்குத் தெம்பு வருது. அத எடுத்துட்டா ராஜாவால தோண்ட முடியாது'ன்னு சொன்னாரு. வூட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்னு எங்களாண்ட சத்தியம் வாங்கினாரு. வருசா வருசம் நாடகத்தன்னிக்கி எறங்கும்போதே, 'வரலன்னுட்டா, பொழச்சோம்டா'ன்னு சொல்லினேதான் வருவாரு."

கைருன் பீவி படத்தைப் பார்த்தாள். ஓய்வு நாளன்று போட்ட மாலையோடு அவர் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊரே என் வாயப் பாடமா வச்சிக்கினு இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல" என்றாள். திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் குழைந்துவிட்டது.

தூக்குகளைத் திறந்தாள். குழம்பு வாசனைக்கு ராஜா, ராணி, குதிரையின் முன்னங்கால், பின்னங்கால் எல்லாரும் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அங்கமுத்து கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லை. அவளே கரண்டியால் அள்ளி வைத்தாள். அவர் ஒரு வாய் உருட்டிப் போட்டுவிட்டு, சார் சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மேற்கே ஏரி சிவந்து கிடந்தது. அவர் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கமுத்து. அத இன்னொரு தரம் சொல்றியா?"

"இன்னாதுக்கா?"

"அதான். ஒரே ஒரு பக்கம்."

அங்கமுத்து கையைத் தட்டிலேயே உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சங்கடத்தோடு அவளைப் பார்த்தார்.

"தன்னால வராதுக்கா. நீங்க குடுத்தாதான் வரும்."

கைருன் பீவி துப்பட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். கரண்டியை எடுத்து, தூக்கின் விளிம்பில் மூன்று தரம் தட்டினாள்.